98 சதவீதத்திலேயே இரண்டு மணி நேரம்: இந்த வி.எம். நகருமா, நகராதா?

நள்ளிரவு நிர்வாகி | சனி, இரவு 11:52

வணக்கம். வி.எம். (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டும் கேவிஎம், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் இரண்டும் தெரிந்தவர்கள் யாராவது விழித்திருந்தால் உதவுங்கள்.

பழைய சர்வர் ஒன்றைக் காலி செய்து நாளை இரவுக்குள் அணைக்க வேண்டும். அதில் இருந்தவை 11 வி.எம். பத்தைப் புது சர்வருக்குக் கொண்டுபோய்விட்டேன். சின்னச் சின்ன வெப் சர்வர்கள், ஒரு மெயில் ரிலே, இப்படி. எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. டிஸ்க்குகள் இரண்டு சர்வருக்கும் நெட்வொர்க் வழியே பொதுவான என்எஃப்எஸ் ஸ்டோரேஜில் இருப்பதால் நகர வேண்டியது மெமரி மட்டும்தான். சிபியு மாடலும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன்.

பதினொன்றாவதுதான் படுத்துகிறது. போஸ்ட்கிரெஸ் ஓடும் டேட்டாபேஸ் வி.எம்., 48 ஜிபி மெமரி. லைவ் (நிறுத்தாமல் நகர்த்து), வெர்போஸ் (சதவீதத்தைக் காட்டு) இரண்டையும் சேர்த்து, நகர்த்தும் கட்டளையான விர்ஷ் மைக்ரேட் கொடுத்தேன். முதல் ஏழெட்டு நிமிடம் சதவீதம் ஒழுங்காக ஏறியது. 99 வந்ததும் "முடிந்தது" என்று மேலாளருக்குச் செய்தி தட்டப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் திரையில் 93! மறுபடி ஏறி 99, மறுபடி 93. அரை நிமிடத்துக்கு ஒரு முறை இதே ஆட்டம். ஒரு மணி ஐம்பது நிமிடம் இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நடுவில் மேலாளர் நான்கு முறை கேட்டார், நான்கு முறையும் "98 சதவீதம் சார்" என்றேன். பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் ஒரே ஆறுதல்.

கடைசியில் பொறுக்க முடியாமல் கண்ட்ரோல்-சி அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. வி.எம். பழைய சர்வரிலேயே ஓடுகிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் பாதி அங்கே பாதி இங்கே என்று ஏதாவது ஆகியிருக்குமோ? இன்னொன்று, உண்மையில் எவ்வளவு முடிந்தது என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? மாதக் கடைசி என்பதால் கணக்கு வேலை ஒன்று இரவு முழுக்க அதில் ஓடும். நிறுத்தாமல் நகர்த்த வழி உண்டா?

-----

மூன்றாம் ரேக் | ஞாயிறு, அதிகாலை 12:10

முதலில் தண்ணீர் குடியுங்கள். கண்ட்ரோல்-சி அடித்தால் விர்ஷ் அந்த வேலையை ரத்து செய்யும், அவ்வளவுதான். ரத்து செய்யும் கட்டளையான டொம்ஜாப்அபார்ட் கொடுப்பதும் அதுவும் ஒன்றே. லைவ் மைக்ரேஷனில் கடைசிக் கணம் வரை வி.எம். பழைய இடத்தில்தான் உயிரோடு இருக்கும். புது சர்வரில் உருவாகிக்கொண்டிருந்தது ஒரு வெற்றுக்கூடு, ரத்தானதும் அது கலைந்துவிடும். டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது அந்தச் சதவீதத்துக்கு வருவோம். வெர்போஸ் காட்டும் எண் "எவ்வளவு தூரம் வந்தாயிற்று" என்பது இல்லை. மொத்த மெமரியில் இந்த நிமிடம் அனுப்பாமல் மீதி இருப்பது எவ்வளவு என்று பார்த்து, அதை நூறிலிருந்து கழித்துக் காட்டுகிறது. மீதி கூடினால் சதவீதம் இறங்கத்தான் செய்யும். உள்ளே நடப்பது இதுதான்: வி.எம்.மை ஓட்டும் நிரலான க்யூஎம்யூ முதல் சுற்றில் மெமரி முழுவதையும் அனுப்புகிறது. அதற்குள் வி.எம். ஓடிக்கொண்டே இருப்பதால் மெமரியின் சில பக்கங்கள் (சிறு துண்டுகள்) மாறிவிடும். இவற்றை டர்ட்டி பேஜ் என்பார்கள். அடுத்த சுற்றில் மாறியவற்றை மட்டும் அனுப்பும். அதற்குள் இன்னும் கொஞ்சம் மாறும். சுற்றுக்குச் சுற்று மீதி குறைந்து, "இதை மட்டும் அனுப்ப 300 மில்லி விநாடி போதும்" என்ற நிலை வந்ததும் வி.எம்.மை ஒரு கணம் நிறுத்தி, மிச்சத்தைத் தள்ளிவிட்டு, புது இடத்தில் எழுப்பிவிடும். அந்த 300 க்யூஎம்யூவின் இயல்பு அளவு, மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டைக் கூட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் மறுபடி குப்பை போடுகிறார்கள். அதுதான் 99-இலிருந்து 93.

மைக்ரேஷனை இன்னொரு முறை தொடங்கிவிட்டு, வேறொரு டெர்மினலில் நகர்த்தலின் நிலையைக் காட்டும் டொம்ஜாப்இன்ஃபோ கட்டளை இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஓடும்படி வாட்ச் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து இந்த நான்கையும் இங்கே எழுதுங்கள்: மெமரி ரிமெய்னிங் (மீதி), மெமரி பேண்ட்வித் (விநாடிக்கு அனுப்பும் வேகம்), டர்ட்டி ரேட் (பக்கங்கள் மாறும் வேகம்), இட்டரேஷன் (எத்தனையாவது சுற்று). சதவீதம் ஓடும் டெர்மினலைக் குறுக்கி வைத்துவிடுங்கள், அதைப் பார்த்தால் மனக்கஷ்டம்தான்.

-----

நள்ளிரவு நிர்வாகி | அதிகாலை 12:31

உயிர் வந்தது. நன்றி.

எடுத்துவிட்டேன். மெமரி ரிமெய்னிங் 3.4 ஜிபி வரை ஏறி, கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி 3.4. பேண்ட்வித் 112 எம்பி, அசையவே இல்லை. டர்ட்டி ரேட் 28,500-ஐ ஒட்டி. இட்டரேஷன் இப்போது 9, அரை நிமிடத்துக்கு ஒன்று கூடுகிறது. 28,500 என்றால் எம்பியா, கேபியா?

-----

சோம்பேறிப் பூனை | அதிகாலை 12:38

இவ்வளவு எதற்கு? ஷட்டவுன் செய்து அந்தப் பக்கம் ஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க் பொதுவில்தானே இருக்கிறது, மூன்று நிமிட வேலை. டேட்டாபேஸை லைவாக நகர்த்துவதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

-----

மூன்றாம் ரேக் | அதிகாலை 12:55

பூனை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவு முழுக்க ஓடும் வேலையை நடுவில் அறுக்க முடியாது என்கிறாரே.

28,500 என்பது விநாடிக்கு எத்தனை பக்கங்கள் என்ற கணக்கு. ஒரு பக்கம் 4,096 பைட், அதே டொம்ஜாப்இன்ஃபோவில் பேஜ் சைஸ் என்று இருக்கும். பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 111 எம்பி. நீங்கள் அனுப்புவது 112. வரவும் செலவும் சரிக்குச் சரி. நீங்கள் விடிய விடிய விட்டிருந்தாலும் இது முடிந்திருக்காது. முதலில் ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓட்டினீர்களே, அதில் இருநூறு சுற்று போயிருக்கும்!

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 111 எம்பி என்பதால் உங்கள் டேட்டாபேஸ் விநாடிக்கு 111 எம்பிதான் எழுதுகிறது என்று நினைக்க வேண்டாம். ஒரே பக்கத்தை ஒரு சுற்றுக்குள் நூறு முறை திருத்தினாலும் கணக்கில் அது ஒன்றுதான். உங்கள் வி.எம். ஏதோ 3.4 ஜிபி அளவுள்ள ஒரு பகுதியைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறது. ஒரு சுற்றுக்கு 31 விநாடி ஆவதால், அந்த 31 விநாடிக்குள் பகுதி முழுவதும் அழுக்காகிவிடுகிறது. சுற்று 3 விநாடியில் முடிந்தால் அதில் கொஞ்சம்தான் அழுக்காகியிருக்கும். சோதித்துப் பார்க்க டொம்டர்ட்டிரேட்-கால்க் என்று ஒரு கட்டளை உண்டு, லிப்விர்ட் 7.2 முதல். நகர்த்தாமலே அளக்கும். ஒரு முறை ஒரு விநாடி நேரத்துக்கும், இன்னொரு முறை பத்து விநாடி நேரத்துக்கும் அளந்து, டொம்ஸ்டாட்ஸ் கட்டளையில் விடையைப் பாருங்கள். ஒரு விநாடிக்கு அளந்ததில் எண் பெரிதாகவும், பத்துக்கு அளந்ததில் சிறிதாகவும் வந்தால் நான் சொன்னது சரி.

ஜென் என்ற ஹைப்பர்வைசரில் (வி.எம்.களை ஓட்டும் மென்பொருள்) லைவ் மைக்ரேஷன் செய்தவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலேயே திரும்பத் திரும்ப எழுதப்படும் இந்தச் சூடான பகுதியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே க்வேக் 3 கேம் சர்வரை நகர்த்தி, 60 மில்லி விநாடிதான் நிறுத்தினார்களாம். விளையாட்டு சர்வர் மெமரியை இப்படி அடித்துத் துவைக்காது என்பது வேறு விஷயம்.

-----

கம்பிவலை | அதிகாலை 1:08

முடிய வைக்க இரண்டு குறுக்குவழி உண்டு. இரண்டையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

ஒன்று ஆட்டோ-கன்வெர்ஜ். மைக்ரேஷன் ஒடுங்கவில்லை என்றால் வி.எம்.மின் சிபியுவைப் பிடித்து இழுக்கும். முதலில் 20 சதவீதம், பிறகு பத்துப் பத்தாக 99 வரை போகும். எழுதும் வேகம் குறைந்தால் அழுக்கும் குறையும். ஆனால் 80, 90 சதவீதம் இழுத்துப் பிடித்த வி.எம்.மில் டேட்டாபேஸ் இருந்தால், வெளியிலிருந்து வரும் கனெக்‌ஷன்கள் எல்லாம் டைம்அவுட் ஆகும். "நிறுத்தாமல் நகர்த்தினேன்" என்று நீங்கள் சொல்லலாம், பயன்படுத்துகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது போஸ்ட்-காப்பி. அதில் வி.எம். உடனே புது சர்வரில் எழுந்துவிடும், வராத பக்கம் தேவைப்படும்போது பழைய சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளும். முடியாமல் போகிற பேச்சே இல்லை, அதன் பிறகு ஒவ்வொரு பக்கமும் ஒரு முறைதான் போகும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதில் மயங்கி எல்லாவற்றுக்கும் இதையே போட்டோம். ஒரு நாள் பாதியில் ஒருவர் வேறு எதற்கோ ஸ்விட்சை ரீபூட் செய்தார். பாதி மெமரி இங்கே, மீதி அங்கே, நடுவில் கம்பி இல்லை. நீங்கள் கண்ட்ரோல்-சி அடித்துவிட்டுப் பயந்தீர்களே, அது அன்றைக்கு எங்களுக்கு உண்மையாகவே நடந்தது. வி.எம். உறைந்து நின்றது, கடைசியில் சாகடித்து டேட்டாபேஸ் ரிக்கவரிக்கு விட்டோம். இப்போதைய லிப்விர்டில் அறுந்ததைத் தொடர போஸ்ட்காப்பி-ரெஸ்யூம் வந்திருக்கிறது. இருந்தாலும் போஸ்ட்-காப்பிக்குள் நுழைந்த பிறகு ரத்து செய்து பழைய இடத்துக்குத் திரும்பும் வழி கிடையாது. அதை மறக்காதீர்கள்.

மேக்ஸ்-டவுன்டைமை, அதாவது நிறுத்த அனுமதிக்கும் அந்த 300 மில்லி விநாடியை, ஏற்றுவது மூன்றாவது வழி. 3.4 ஜிபிக்கு 112 எம்பி வேகத்தில் அரை நிமிடம் நிறுத்த வேண்டிவரும், அதற்குப் பூனை சொன்னதே மேல்.

-----

ஓரக்கண் | அதிகாலை 1:17

எல்லோரும் டர்ட்டி ரேட்டையே பார்க்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த 112. அசையாமல் 112 என்றால் அது 1 கிகாபிட் கம்பியின் முகம். இந்தக் காலத்தில் என்எஃப்எஸ் ஸ்டோரேஜ் வைத்து வி.எம். ஓட்டுகிற இடத்தில் 1 கிகாபிட் மட்டுமா இருக்கும்? அந்த சர்வர்களில் வேறு நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லையா?

-----

நள்ளிரவு நிர்வாகி | அதிகாலை 1:24

இருக்கிறது! ஸ்டோரேஜுக்கென்று தனியாக 10 கிகாபிட் இருக்கிறது. மைக்ரேஷன் அதில்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் மேனேஜ்மென்ட் (நிர்வாக வேலைக்கான) கார்டில்தான் எண்கள் பறக்கின்றன, 10 கிகாபிட் கம்பி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஏன் இப்படி?

-----

ஓரக்கண் | அதிகாலை 1:33

நீங்கள் சொல்லவில்லை, அதனால்தான். தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் லிப்விர்ட் எதிர்முனை சர்வரிடம் அதன் ஹோஸ்ட்நேமை (நெட்வொர்க்கில் அதன் பெயரை) கேட்டு வாங்கும், அந்தப் பெயருக்கு எந்த ஐபி வருகிறதோ அந்த வழியாக மெமரியை அனுப்பும். உங்கள் ஹோஸ்ட்நேம் மேனேஜ்மென்ட் ஐபிக்குப் போகிறது. நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக இணைவது கட்டளை போவதற்கு மட்டும். மெமரி வேறு பாதையில், நேராக டிசிபியில் போகிறது. என்க்ரிப்ட் ஆகாமல் போகிறது என்பதையும் கவனியுங்கள், தனி ஸ்டோரேஜ் நெட்வொர்க் என்றால் கவலை குறைவு.

விர்ஷ் மைக்ரேட் கட்டளையில் சேரும் சர்வரின் முகவரிக்கு அடுத்து இன்னொரு முகவரி கொடுக்கலாம், அதுதான் மைக்ரேட்-யூஆர்ஐ. அங்கே புது சர்வரின் 10 கிகாபிட் ஐபியை டிசிபி முகவரியாகக் கொடுங்கள். ஃபயர்வாலில் 49152 முதல் 49215 வரை போர்ட்டுகள் அந்த நெட்வொர்க்கிலும் திறந்திருக்க வேண்டும். அப்புறம் முக்கியமாக, அதே கம்பியில்தான் உங்கள் டிஸ்க் போக்குவரத்தும் ஓடுகிறது. முழு வேகத்தில் விட்டால் எல்லா வி.எம்.மும் மூச்சு முட்டும். பேண்ட்வித் ஆப்ஷனில் 700 என்று கட்டுப்பாடு வையுங்கள், அது எம்பி கணக்கு.

-----

நள்ளிரவு நிர்வாகி | அதிகாலை 2:21

முடிந்தது!!

முதல் முயற்சி கனெக்‌ஷன் டைம்அவுட். ஃபயர்வாலில் ஸ்டோரேஜ் பக்கம் போர்ட் திறக்கவில்லை, நீங்கள் எழுதியிருந்தும் விட்டுவிட்டேன். திறந்துவிட்டு மறுபடி கொடுத்தேன். சதவீதத்தைப் பார்க்கவில்லை, டொம்ஜாப்இன்ஃபோவை மட்டும் பார்த்தேன். முதல் சுற்று ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு ரிமெய்னிங் 3.4 ஜிபி என்று வந்தபோது பழைய பயம் எட்டிப்பார்த்தது. அடுத்த முறை திரை புதுப்பித்தபோது ஒரு ஜிபி சொச்சம், அதற்கடுத்து வேலையே இல்லை என்று காட்டியது. நான் ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்தேன்!

முடிந்ததற்குப் பின் கம்ப்ளீட்டட் ஆப்ஷனுடன் அதே கட்டளையைக் கொடுத்தால் கடைசிக் கணக்கைக் காட்டுகிறது, அதையும் இன்றுதான் தெரிந்துகொண்டேன். மொத்தம் 81 விநாடி, 5 சுற்று, டவுன்டைம் 271 மில்லி விநாடி. பக்கத்தில் பிங் ஓடவிட்டிருந்தேன், ஒரே ஒரு பாக்கெட் தொலைந்தது. கணக்கு வேலை ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பியை மாற்றியதில் பத்து மடங்கு கூட இல்லை, ஆறு மடங்கு வேகம்தான். முடியவே முடியாதது 81 விநாடியில் முடிந்துவிட்டது. மூன்றாம் ரேக் சொன்ன அந்த 31 விநாடி, 3 விநாடிக் கணக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. இனி பழைய சர்வரை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன்.

-----

ஓரக்கண் | அதிகாலை 2:29

அணைக்காதீர்கள்! மைக்ரேட் கொடுக்கும்போது பெர்சிஸ்டென்ட் (புது இடத்தில் நிரந்தரமாகப் பதிவு செய்), அன்டிஃபைன்-சோர்ஸ் (பழைய இடத்துப் பதிவை நீக்கு) இரண்டும் போட்டீர்களா?

-----

நள்ளிரவு நிர்வாகி | அதிகாலை 2:31

லைவ், வெர்போஸ் மட்டும்தான். கடைசியில் பேண்ட்வித். ஏன் கேட்கிறீர்கள், பயமாக இருக்கிறது.

-----

ஓரக்கண் | அதிகாலை 2:44

அப்படியானால் நகர்ந்தது ஓடிக்கொண்டிருக்கும் வி.எம். மட்டும். அதன் அமைப்புகள் எழுதிய எக்ஸ்எம்எல் விளக்கம் இன்னும் பழைய சர்வரில்தான் பதிவாகியிருக்கிறது. இப்படி நகர்த்தியவை எல்லாம் புது சர்வரில் தற்காலிக வி.எம்.கள். ஓடுகிற வரை ஓடும். ஷட்டவுன் செய்தாலோ, சர்வர் ரீபூட் ஆனாலோ, பட்டியலிலிருந்தே காணாமல் போகும். புது சர்வரில் விர்ஷ் லிஸ்டுக்கு ட்ரான்சியன்ட் (தற்காலிகமானவை) ஆப்ஷன் கொடுத்துப் பாருங்கள்.

இதைவிட மோசமானது மறுபக்கம். பழைய சர்வரில் பதிவு இருக்கும்வரை, யாராவது தெரியாமல் அங்கே ஸ்டார்ட் அடித்தால், ஒரே டிஸ்க்கின் மேல் இரண்டு வி.எம். எழுத முயலும். க்யூஎம்யூவின் ஃபைல் லாக் பல நேரம் தடுத்துவிடும், ஆனால் அதை நம்பித் தூங்கப் போகக் கூடாது.

சரி செய்வது எளிது. புது சர்வரில் ஒவ்வொன்றுக்கும் டம்ப்எக்ஸ்எம்எல் எடுத்து ஃபைலில் வைத்து, அதையே டிஃபைன் (பதிவு) செய்யுங்கள். ஓடும் வி.எம்.மை அது தொடாது. பிறகு பழைய சர்வரில் அன்டிஃபைன்.

-----

நள்ளிரவு நிர்வாகி | அதிகாலை 3:26

பட்டியல் எடுத்தேன். பதினொன்றும் வந்தது. மதியத்திலிருந்து "பத்து முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை. உண்மையில் அந்த 98 சதவீதமே தேவலாம் போல.

பதினொன்றையும் டிஃபைன் செய்தாயிற்று, ட்ரான்சியன்ட் பட்டியல் இப்போது காலி. பழைய சர்வரில் அன்டிஃபைன் செய்வதற்கு முன்னால் அங்கிருந்த எக்ஸ்எம்எல் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன், இன்றைக்கு என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. மெயில் ரிலேயை மட்டும் ஒரு முறை ஷட்டவுன் செய்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன், எழுந்தது.

-----

மூன்றாம் ரேக் | அதிகாலை 3:31

ஆட்டோஸ்டார்ட், அதாவது சர்வர் எழும்போது வி.எம். தானாக எழுவது? அது எக்ஸ்எம்எல்லில் இருக்காது, ஒவ்வொரு சர்வரும் தனியாக வைத்திருக்கும்.

-----

நள்ளிரவு நிர்வாகி | அதிகாலை 3:40

இல்லை. ஒன்றுக்கும் இல்லை. இப்போது போட்டுவிட்டேன். பழைய சர்வரைக் காலையில் அணைக்கிறேன், இன்றைக்கு இனி எதையும் தொடுவதாக இல்லை.